இச்சியின் முகம்

ஜனவரி 29, புதன்

இது சுலோசனாவின் நோட்டு. மரங்களுக்கென்றே வைத்திருக்கிறாள். முதல் நாற்பத்தாறு பக்கம் அவள் கையெழுத்து. இனிமேல் எழுதுவது அவள் வீட்டுக்காரன் சென்னியப்பன். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவன், கடைசிப் பதினொரு வருடம் ஃபோர்மேன். ஷிப்ட் முடியும்போது எது ஓடியது, எது நின்றது என்று எழுதி வைக்காமல் நான் வெளியே வந்ததில்லை. அந்தப் பழக்க தோஷம்தான், வேறு காரணம் இல்லை.

காலையில் போன். போன்சாய் சங்கத்துச் செயலாளர் ஹேமலதா மேடம்.

"சார், சுலோசனாக்கா போனு எடுக்கவே மாட்டேங்கறாங்க. மார்ச் பதினஞ்சு, பதினாறு நம்ம கண்காட்சி. அக்காவோட இச்சி மரம் வருதுங்களா? செப்டம்பர்லயே பேரு குடுத்துட்டாங்க. நடுவுல பெரிய மேசையா ஒதுக்கி வெச்சிருக்கறோம்."

"வருமுங்க."

"அக்கா எங்கீங்க?"

"பொள்ளாச்சில. தம்பி வீட்ல ஒரு விசேஷமுங்க."

விசேஷம் பொய்யில்லை. என் மச்சினன் மயில்சாமி புது வீடு குடிபோனான். அது நவம்பர் இருபத்தாறாம் தேதி.

பதினொரு வருடமாக அவள் இந்தக் கண்காட்சியைத் தவற விட்டதில்லை. மரம் அங்கே இருந்தால் பார்க்க வருவாள். வந்தால் நானும் அங்கே நிற்பேன். என் திட்டம் இவ்வளவுதான்.

பிப்ரவரி 2, ஞாயிறு

நோட்டு முழுவதையும் படித்தேன். கணக்கு வாத்தியார் மாதிரி பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கிறாள். வளவளப்பு கிடையாது. 'ஏப். 3. வேர் கழிச்சாச்சு. மூணு நாள் நிழல்.' அவ்வளவுதான் ஒரு நாள். முதல் பக்கத்தில் பேனாவால் ஒரு மரம் வரைந்திருக்கிறாள். எந்த மரம் என்று தெரியவில்லை, ஏதாவது பத்திரிகையைப் பார்த்து வரைந்திருப்பாள். அடிமரத்தில் மை வேறு கொட்டியிருக்கிறது.

நம் இச்சியை எனக்குத் தெரியாதா. மொட்டை மாடியில் படிக்கதவுக்குப் பக்கத்தில் என் நாற்காலி. சாயங்காலம் அதில் உட்கார்ந்தால் நேர் எதிரே கிழக்குச் சுவரோரம் சிமெண்டுத் திண்டின் மேல் அது. ஆல் சாதி, இரண்டடி நான்கு அங்குலம் உயரம், இருபத்து மூன்று வயசு. வழவழவென்று கோணல் இல்லாமல் ஏறும் அடிமரம். பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன்.

மாடியில் மொத்தம் பதினொரு மரம் இருந்தன. ஏழு அவளோடு பொள்ளாச்சிக்குப் போய்விட்டன. இச்சி இருக்கும் சிமெண்டுத் தட்டு கனம், தூக்க இரண்டு பேர் வேண்டும். மயில்சாமிக்குத் தண்டுவடத்தில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, அவனால் முடியவில்லை. நான் கீழே ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

மற்ற மூன்றைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 5, புதன்

இலை எடுக்கும் நாள். கண்காட்சிக்கு ஐந்தாறு வாரம் முன்பு மரத்தை மொட்டையடித்துவிட வேண்டும் என்கிறது நோட்டு. பிறகு துளிர்க்கும் இலை பொடியாக, எல்லாம் ஒரே அளவாக வரும். பொடி இலை வந்தால்தான் சின்ன மரம் பெரிய மரம் போலத் தெரியும். போன வருடக் குறிப்பு: 'பன்னெண்டாம் நாள் மொட்டு. இருவதாம் நாள் இலை.' ஆக எனக்குத் தாராளமாக நாள் இருக்கிறது.

தெற்குக் கிளையில் ஆரம்பித்து விறுவிறுவென்று பிடுங்கினேன். முப்பது இலைக்கு மேல் போன பிறகுதான் பக்கத்தைத் திருப்பினேன். 'இழுக்கக் கூடாது. காம்புல பாதிய விட்டுட்டுக் கத்தரிக்கணும். இழுத்தா துளிர் விடற கண்ணு அதோட வந்துரும்.' இதை முதல் வரியாக எழுதினால் என்ன. ஒரு யந்திரத்துக்கு இப்படிக் குறிப்பு எழுதியிருந்தால் நான் மெமோ கொடுத்திருப்பேன்.

மீதியைக் கத்தரியால் வெட்டினேன். மொத்தம் எண்ணூற்றுப் பன்னிரண்டு இலை. மரம் இப்போது வெறும் கம்பி.

பிப்ரவரி 6, வியாழன்

தண்ணீர்: காலை, மதியம், மாலை.

பிப்ரவரி 9, ஞாயிறு

தண்ணீர் மூன்று வேளை. மகள் இந்துஜா பெங்களூரிலிருந்து பேசினாள்.

"சாப்ட்டீங்களாப்பா?"

"ஆச்சு. அம்மா எப்படி இருக்கா?"

"நீங்களே கேக்கலாமில்ல."

"எடுத்தா கேக்க மாட்டனா."

"செடி எப்படிப்பா இருக்கு?"

"எல்லாம் நல்லா இருக்கு."

இதைச் சொன்ன பிறகு கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். இதே வாக்கியத்தை இதே நாற்காலியில் உட்கார்ந்து போன அக்டோபரிலும் சொல்லியிருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஒன்பதாம் நாள். மண்ணில் ஊறப்போட்ட சாக்கு வாடை. மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. மூன்று வேளையும் ஊற்றுகிறேன், அப்படியும் ஏன் என்று தெரியவில்லை.

நோட்டு, பக்கம் 31: 'சந்தேகம்னா நகத்தால லேசாக் கீறிப் பாக்கலாம். பச்சை தெரிஞ்சா உசுரு இருக்கு. ஒரு எடத்துல போதும்.' ஒரு இடத்தில் கீறினேன், பச்சை. அந்தக் கிளை சரி, மற்றக் கிளைகள்? ஆறு இடத்தில் கீற வேண்டியதாயிற்று.

பிப்ரவரி 17, திங்கள்

பன்னிரண்டாம் நாள். மொட்டு இல்லை.

பரணிலிருந்து என் பழைய வெர்னியர் காலிப்பரை எடுத்து ஒவ்வொரு நுனியாக அளந்தேன். நேற்றைய அளவுக்கும் இன்றைய அளவுக்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை. இன்னும் ஐந்து இடத்தில் கீறிப் பார்த்தேன்.

கீழே இறங்கி வந்தும் சாப்பாடு இறங்கவில்லை. மரம் செத்தால் கண்காட்சிக்கு வைக்க ஒன்றுமில்லை என்பது கூட இரண்டாம்பட்சம். நான்காவது மரத்தையும் நானே கொன்றேன் என்று ஆகும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இந்துஜாவை நானே கூப்பிட்டேன். அவள் ஆபீசில் இருந்தாள்.

"கண்ணு, மரம் சரியில்ல. செத்துருமோன்னு பயமா இருக்கு. நோட்டுல பாத்துத்தான் பண்ணுனேன். எங்க தப்பாச்சுன்னு தெரியல."

நான் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. "இருங்கப்பா" என்று வைத்துவிட்டாள். கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள்.

"அம்மாகிட்ட நான் உங்க பேரே எடுக்கலப்பா. இலை எடுத்த மரம் மொட்டு விடலேன்னா என்ன பண்றதும்மான்னு பொதுவாத்தான் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"தண்ணிய நிறுத்தச் சொல்லுன்னாங்க. இலையே இல்லாத மரம் எதுலீங்க குடிக்கும்னு கேளுன்னாங்க."

கேளு என்றால் யாரைக் கேட்பது. பெங்களூரில் யாருக்கும் சுலோசனா 'ங்க' போட்டுப் பேச மாட்டாள், எனக்குத்தான்.

தண்ணீரை நிறுத்தியாயிற்று. தட்டுக்கு அடியில் கட்டை கொடுத்து ஒரு பக்கம் சாய்த்து வடியவிட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மரத்தைத் தொடாமல் இருப்பதுதான் இன்றைய வேலை. கை சும்மா இருக்கவில்லை, அதனால் விட்டுப்போனதை எழுதுகிறேன்.

அக்டோபரில் சுலோசனா மகளுக்கு உடம்பு சரியில்லை என்று மூன்று வாரம் பெங்களூரில் இருந்தாள். அப்போது பார்த்து நான் மாடியில் சோலார் பேனல் போட்டேன். யாரையும் கேட்கவில்லை, வீடு என்னுடையது என்ற நினைப்பு. வேலைக்கு இடைஞ்சல் என்று பத்து மரத்தையும் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கச் சொன்னேன். இச்சி கனம் என்பதால் அதை அசைக்காமல் அதற்கு மேலேயே கம்பி நட்டார்கள். தினமும் போன் செய்வாள். "தண்ணி ஊத்துனீங்களா?" "ஊத்தியாச்சு. எல்லாம் நல்லா இருக்கு." நான் படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பார்த்தது மொத்தமே இரண்டு தடவை.

அவள் வந்தபோது ஒரு புளி, ஒரு நெல்லி, ஒரு காகிதப்பூ, மூன்றும் விறகாகி இருந்தன. புளிக்குப் பதினெட்டு வயசு. அவள் அழவில்லை, திட்டவில்லை. அந்த மூன்றையும் முற்றத்தில் வரிசையாக வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னேன்: "உடு, வேற மூணு வாங்கிக்கலாம்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஒரு வாரம் சோறு மட்டும் போட்டாள். அப்புறம் மயில்சாமியின் வண்டி வந்தது.

எழுதிவிட்டேன். எழுதியும் பாரம் குறைந்த மாதிரி இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

பதினாறாம் நாள். மொட்டு இல்லை. ஆனால் ஒரு நல்ல சேதி: மிச்சம் விட்ட காம்புகள் மஞ்சளாகி, விரல் பட்டால் உதிர்கின்றன. காம்பு தானாக உதிர்ந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது, காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் இல்லை என்பது பக்கம் 33. தெற்குக் கிளையில் நான் பிடுங்கியது போக மீதியுள்ள காம்புகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

உயிர் இருந்தும் ஏன் துளிர்க்கவில்லை? மோட்டார் ஓடாவிட்டால் முதலில் கரண்டு வருகிறதா என்று பார்ப்பது போல, இன்று நாற்காலியைப் போட்டு காலை ஏழு முதல் மாலை ஐந்து வரை வெயிலைக் குறித்தேன். ஏழு பத்துக்கு மரத்தின் மேல் வெயில் விழுந்தது. எட்டு ஐந்துக்குப் போய்விட்டது. அதற்கு மேல் நாள் முழுக்க நிழல். மொத்தம் ஐம்பத்தைந்து நிமிடம்.

நிழல் என் பேனலுடையது.

பிப்ரவரி 22, சனி

நட்டு, போல்ட் வேலை. மொத்த இணைப்பையும் அணைத்துவிட்டு இச்சிக்கு மேலே இருந்த நான்கு பேனலைக் கழற்றி இறக்கினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து பார்த்தார். இந்தப் பேனலின் பெருமையைத் தெருவில் வீடு வீடாகப் பேசியவன் நான்தான். "ஏனுங்க, ரிப்பேருங்களா?" என்றார். "ஆமாங்க, பெரிய ரிப்பேரு" என்றேன். பேனல் போட்ட கம்பெனியிலிருந்தும் இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை.

மரத்தின் மேல் பத்து மணி வெயில் விழுந்ததை நின்று பார்த்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

இல்லை.

பிப்ரவரி 26, புதன்

இல்லை. கண்காட்சிக்குப் பதினேழு நாள். ஹேமலதா மேடம் கூப்பிட்டு "இலை வந்துருச்சுங்களா?" என்றார். "வந்துட்டே இருக்குதுங்க" என்று சொல்ல வாயெடுத்தவன், "இன்னும் இல்லீங்க மேடம்" என்றேன். அவர், "பதறாதீங்க, எனக்கும் ஒருக்கா அப்படித்தானுங்க ஆச்சு" என்றார். பதறாதே என்று சொன்னால் பதறாமல் இருக்க முடியுமா. நகம் தேய்ந்துவிட்டது.

பிப்ரவரி 27, வியாழன்

வடக்குக் கிளை, நுனியிலிருந்து இரண்டாவது கணு. 1.4 மி.மீ.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். 1.4.

செம்பு நிறம். உச்சியில் இன்னொன்று. இந்துஜாவைக் கூப்பிட்டுச் சொன்னேன், சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. அவள் அதைக் கேட்டும் கேட்காதது போல, "போட்டோ அனுப்புங்கப்பா, நான் அனுப்பறேன்" என்றாள். யாருக்கு என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

நூற்றுப் பத்தொன்பது மொட்டு. தெற்குக் கிளையில் ஒன்று கூட இல்லை. கீறினால் பழுப்பு. நான் பிடுங்கிய கிளை அது. இனி அது வராது.

காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். ஐந்து மணிக்கு அறுத்தேன். சுண்டுவிரல் பருமன்தான், அதற்கு அவள் எத்தனை வருடம் கம்பி சுற்றி வளைத்தாள் என்று நோட்டில் இருக்கிறது. ஏழு வருடம்.

மார்ச் 8, சனி

இலை விரிகிறது. செம்பிலிருந்து இளம்பச்சை. சராசரி 22 மி.மீ. போன வருடம் அவள் எழுதியது, 'கட்டை விரல் நகம் அளவு'. அவள் கட்டை விரல் நகம் எத்தனை மில்லிமீட்டர் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் சேர்ந்து வாழ்ந்திருக்கிறோம்.

மார்ச் 11, செவ்வாய்

அலங்கார வேலைகள். பழைய பல் பிரஷ்ஷால் அடிமரத்தைத் தேய்த்துக் கழுவினேன். தட்டுக்கு வெளிப்பக்கம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படர்ந்த பாசியைக் கரண்டியால் சுரண்டி எடுத்து மண்ணின் மேல் ஒட்டினேன்.

கழுவும்போது ஒன்று பார்த்தேன். கிழக்குச் சுவரைப் பார்த்த பக்கத்தில் அடிமரத்தில் ஒரு பொந்து. இரண்டு விரல் நுழையும். ஓரமெல்லாம் உதடு போலத் தடித்து, உள்ளே கறுப்பு. அதற்குக் கீழே வேர்கள் வேறு தாறுமாறாகக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. வார்ப்பில் இப்படி ஓட்டை விழுந்தால் அந்தப் பம்பை நான் ஓரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிடுவேன். நல்லவேளை, பின்பக்கம். பொந்துக்குள் பாசியை வைத்து அடைத்துவிட்டேன். மேசையில் அந்தப் பக்கத்தைத் திரைப்பக்கம் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது.

மார்ச் 13, வியாழன்

பெயர்ப் பலகைக்கு என்ன எழுத என்று ஹேமலதா மேடம் கேட்டார். "எப்பவும் போல சுலோசனா சென்னியப்பன் தானுங்களே?"

"வெறும் சுலோசனான்னு போடுங்க. நானொண்ணும் வளத்தல."

மார்ச் 14, வெள்ளி

லோடு ஆட்கள் இரண்டு பேர் வந்து இறக்கினார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் ஒருவர் கை நழுவியது. ஒன்பது இலை உதிர்ந்தது, வேறு சேதமில்லை. மண்டபத்தில் நடு மேசையில் வைத்து, பின்னால் வெள்ளைத் திரை, முன்னால் விளக்கு.

ஹேமலதா மேடம் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சாய்த்தார். "சார், எப்பவும் இப்படித்தான் வெப்பாங்களா அக்கா? எனக்கென்னமோ..."

"பதினஞ்சு வருசமாப் பாக்கறனுங்க மேடம்."

அவர் அடுத்த மேசைக்குப் போய்விட்டார். ஆயிரம் வேலை அவருக்கு.

மார்ச் 15, சனி

காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை மரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். வாசலைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலி. அவள் உயரத்தில் எந்தப் பெண் நுழைந்தாலும் எட்டிப் பார்த்தேன். மதியம் கொடுத்த தக்காளி சாதம் அப்படியே இருக்கிறது.

பரிசு இல்லை. நடுவர் வைத்துவிட்டுப் போன அட்டையில் இரண்டே வரி: 'இலை மிக நன்று. முகம்?' கேள்விக்குறியோடு. மரத்துக்கு ஏது முகம். யாரிடமும் கேட்கவும் கூச்சமாக இருந்தது.

அவள் வரவில்லை. நாளை ஒரு நாள் இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தே முக்காலுக்கு வந்தாள். பின்னால் மயில்சாமி, இடுப்பில் பெல்ட். என்னைப் பார்த்து, "வாங்க மச்சான்" என்று மண்டபமே தன்னுடையது போல வரவேற்றான். அவள் என்னைப் பார்க்கவில்லை. மரத்தைப் பார்த்தாள். தெற்குப் பக்கம் கிளை இல்லாத இடத்தைப் பார்த்தாள். கிட்டே போய் ஒரு விரலால் கிளை கிளையாகத் தடவினாள். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு திரைக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளியில் நுழைந்துவிட்டாள்.

வெகு நேரம் வெளியே வரவில்லை. மேசைக்கு அடியில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏனுங்க" என்றாள் உள்ளேயிருந்து. நான்கு மாதத்தில் முதல் வார்த்தை.

"சொல்லு."

"இதோட முதுகுக்கு எதுக்குங்க வெளக்குப் போட்டு வெச்சிருக்கறீங்க?"

"முதுகா?"

"இங்க வாங்க."

நானும் அந்த இடைவெளியில் நுழைந்தேன். இரண்டு பேர் நிற்க இடமில்லை, நின்றோம். அவள் பொந்துக்குள் விரலை விட்டு நான் அடைத்த பாசியைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆறாம் வருசம் காத்துல கெளை முறிஞ்சு விழுந்து இந்த எடத்துல பொளந்துருச்சு. போயிரும்னுதான் எல்லாரும் சொன்னாங்க. ஒம்போது வருசம் இத ஆத்துனனுங்க. இதுதானுங்க இதோட மொகம்."

"நான் நாக்காலில இருந்து பாக்கறப்ப அந்தப் பக்கந்தானே தெரியும்."

"ஆமாங்க. நாக்காலிய உட்டு நீங்க எந்திரிச்சு வரவே இல்லியே."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னாள். எனக்கு முதல் பக்கத்துப் படம் ஞாபகம் வந்தது. மை கொட்டியதாக நான் நினைத்தது மையில்லை. பதினைந்து வருடமும் அவள் சுவரோரம் நின்று பார்த்தது ஒரு மரம், நான் உட்கார்ந்து பார்த்தது வேறொன்று.

"அக்கட்டால புடிங்க" என்றாள்.

பிடித்தேன். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கித் திருப்பி வைத்தோம். விளக்கு பொந்தின் மேல் விழுந்தது. கல்லைப் பற்றிய வேர்கள், அதற்கு மேல் வாய் பிளந்து ஆறிய காயம், அதற்கு மேல் நான் பயந்து பயந்து அளந்த இலைகள். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஹேமலதா மேடம் தூரத்திலிருந்தே, "அதானே பாத்தேன்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் சொன்னேன். மூன்று நாளாக மனசில் வரி வரியாகத் தயாரித்து வைத்திருந்தேன், வாயில் வந்தது ஒன்றுதான். "வேற மூணு வாங்கிக்கலாம்னு நான் சொல்லிருக்கக் கூடாது, சுலோ."

"அதச் சொன்னது கூடப் போவுதுங்க. ஊத்தறேன் ஊத்தறேன்னு மூணு வாரமும் போன்ல சொன்னீங்களே."

"ஆமா. பொய்தான் சொன்னேன்."

அவள் அடிமரத்தைத் தடவினாள். "எத்தன எடத்துலீங்க கீறிருக்கறீங்க?"

"ஒரு பதினாறு இருக்கும்."

"ஒரு எடத்துல போதும்னு எழுதிருந்தேன்."

"பயமா இருந்துச்சு."

முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். இளைத்திருக்கிறேன் என்று நினைத்திருக்கலாம். கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு மேசைகளைக் காலி செய்யச் சொன்னார்கள். மயில்சாமி வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்து பின்கதவைத் திறந்தான். பொள்ளாச்சிக்குத்தான் போகிறது என்று புரிந்துகொண்டேன். நான் நினைத்தது வேறு, ஆனால் மரம் அவளுடையது. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான், தூக்கி ஏற்றினோம். தட்டு ஆடாமல் கயிறு கட்டிக் கொடுத்தேன். நவம்பரில் நான் செய்திருக்க வேண்டிய வேலை இது. முடிச்சை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுக் கீழே இறங்கி நின்றேன். போகட்டும், உயிரோடு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"நின்னுட்டே இருந்தா? ஏறுங்க" என்றாள்.

"நானா?"

"எறக்கறதுக்கும் ரெண்டு பேரு வேணுமில்லீங்க. இவனுக்கு முதுகு ஆவாது."

மயில்சாமி, "ஆமாங்க மச்சான், சுத்தமா ஆவாது" என்று பெல்ட்டைத் தொட்டுக் காட்டினான்.

பின்னால் ஏறி மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிணத்துக்கடவு தாண்டும் வரை அந்தப் பொந்தை எதிரே வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

இப்போது மயில்சாமி வீட்டுக் கூடத்தில் எழுதுகிறேன். மாற்றுத்துணி கூட இல்லை. நோட்டு எங்கே என்று கேட்டாள். எழுதி முடித்ததும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் படித்துவிடுவாள். நான்கைந்து பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். பக்கத்துக்கு எண் போட்டு வைத்திருக்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

இச்சி பொள்ளாச்சி வந்தாச்சு. முகம் கிழக்கே. தெற்குக் கிளை போச்சு, மேலே ஒரு கண்ணு இருக்கு, ரெண்டு வருசத்துல இழுத்துரலாம். கீறல் பதினாறு இல்ல, பத்தொம்போது. எண்ணிட்டேன். தண்ணி ரெண்டு நாளைக்கு ஒருக்கா, ஊத்தறது நான் மட்டும்.

அவருக்கு நாற்காலி கிழக்குப் பக்கம் போட்டாச்சு.